இரண்டு கோடு என்றால் 'இல்லை': சிறுநீரில் நரம்பூக்கிகளை எப்படித் தேடுகிறார்கள்?

கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் 'ஆம்'. போதைப்பொருள் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் 'இல்லை'. முதல் அட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இரண்டாவதைப் படித்தால், குற்றமற்றவர் குற்றவாளியாகிவிடுவார்.

குழப்பம் இந்தக் கோட்டோடு நிற்பதில்லை. கைதான ஒருவரைப் பற்றிய செய்தியில் 'சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் பயன்படுத்தியது உறுதியானது' என்று ஒரு வரி வருகிறது. சோதித்தது அட்டையா கருவியா, கிடைத்தது எந்தப் பொருள், எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்காது. இன்னொரு வீட்டில், கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் கோளாறுக்கு (ஏடிஹெச்டி) மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிடும் மகன் வேலைக்கான உடல்தகுதிச் சோதனைக்குப் போகிறான். மாட்டிக்கொள்வானோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். முதல் கட்டச் சோதனை பொருளைத் தேடுவதில்லை, பொருளின் சாயலைத் தேடுகிறது. அதனால்தான் அது சாப்பிடாதவரைப் பிடித்துக்கொடுக்கவும் செய்கிறது, சாப்பிட்டவரைக் கோட்டைவிடவும் செய்கிறது.

## முதலில் பெயர்கள்

தமிழ்ச் செய்திகளில் 'ஊக்கமருந்து' என்ற சொல் விளையாட்டு வீரர்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுக்கும் வழங்குகிறது. அதனால் மூளையையும் நரம்பையும் முடுக்கிவிடும் பொருள்களை இங்கே 'நரம்பூக்கி' என்றே குறிப்பிடுகிறேன். சோதனைக்கூடங்கள் முக்கியமாகத் தேடுபவை இவை:

1. ஆம்பெட்டமைன். அமெரிக்காவில் இது அடரால் போன்ற பெயர்களில் ஏடிஹெச்டி மருந்து. இந்தியாவில் மருந்தாக விற்பனையில் இல்லை.
2. மெத்தம்பெட்டமைன். போலீஸ் செய்திகளில் 'ஐஸ்', 'கிரிஸ்டல்' என்று வருவது. உடலுக்குள் போனபின் இதன் ஒரு பகுதி ஆம்பெட்டமைனாக மாறுகிறது. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.
3. எம்டிஎம்ஏ, அதாவது எக்ஸ்டசி. ஆம்பெட்டமைன் குடும்பத்துப் பங்காளி.
4. கோகைன். வேலை அதே மாதிரி இருந்தாலும் வேதியியலில் வேறு குடும்பம்.
5. மெத்தில்ஃபெனிடேட். ரிட்டலின் என்ற பெயரில் உலகறிந்தது. இந்தியாவில் ஏடிஹெச்டிக்கு எழுதப்படும் நரம்பூக்கி இதுதான். போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலிலும் இருப்பதால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

விழுங்கிய பொருள் அப்படியே சிறுநீரில் வந்துவிடுவதில்லை. கல்லீரலும் இரத்தமும் அதைச் சிதைக்கின்றன. சிதைந்து கிடைப்பதைச் சிதைபொருள் என்போம். கோகைன் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அதனால் சோதனைக்கூடம் கோகைனைத் தேடுவதில்லை. அதைவிட நீண்ட நேரம் தங்கும் பென்சாயில்எக்கோனின் என்ற சிதைபொருளைத் தேடுகிறது. பொதுவாக ஆம்பெட்டமைன் வகைகளும் கோகைனின் சிதைபொருளும் 2 முதல் 4 நாள் வரை சிறுநீரில் தெரியும். மெத்தில்ஃபெனிடேட்டின் தடம் ஓரிரு நாளில் மறைந்துவிடும். தொடர்ந்து அதிக அளவில் பயன்படுத்தியவருக்கு இந்தக் காலம் நீளும்.

## அட்டைக்குள் நடப்பது

அட்டையின் ஒரு முனையில் சில சொட்டுச் சிறுநீர் விடுகிறார்கள். அங்கே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதங்கள் நிறத்துகள் ஒட்டிய நிலையில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் அவற்றையும் இழுத்துக்கொண்டு அட்டையில் ஊர்கிறது. நடுவில் 'டி' என்று குறித்த இடத்தில் அதே போதைப்பொருளை ஒரு கோடாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் 'சி' கோடு. அட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அது சாட்சி.

'டி' கோட்டை ஓர் ஆட்டோ ஸ்டாண்டாக நினைத்துக்கொள்ளலாம். ஆன்டிபாடிகள் ஆட்டோக்கள். வழியில் சவாரி கிடைக்காத ஆட்டோக்கள் ஸ்டாண்டில் வந்து வரிசையாக நிற்கும். வரிசை நின்றால் கோடு தெரியும். சிறுநீரில் மருந்து இருந்தால் ஆட்டோக்களுக்கு வழியிலேயே சவாரி கிடைத்துவிடும், ஸ்டாண்டில் நிற்காமல் போய்விடும், கோடு விழாது. ஆகவே 'டி' கோடு இல்லாததுதான் பாசிட்டிவ். மங்கலான கோடும் கோடுதான், அது நெகட்டிவ். 'சி' கோடே இல்லையென்றால் அந்த அட்டை செல்லாது. பெரிய சோதனைக்கூடத்துக் கருவிகளும் முதல் கட்டத்தில் பெரும்பாலும் இதே போட்டி முறையைத்தான் பயன்படுத்துகின்றன, கோட்டுக்குப் பதிலாக எண்ணைத் தருகின்றன.

எத்தனை ஆட்டோவுக்குச் சவாரி கிடைத்தால் கோடு மறையும் என்பதைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே அமைத்துவிடுகிறார். அதற்கு வரம்பளவு என்று பெயர். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர் சோதனையில் ஆம்பெட்டமைன் வகைக்கு முதல் கட்ட வரம்பளவு ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். கோகைன் சிதைபொருளுக்கு 150. ஐந்நூறு நானோகிராம் என்றால் ஒரு லிட்டர் சிறுநீரில் அரை மில்லிகிராம். 2010 வரை ஆம்பெட்டமைனுக்கு இந்த வரம்பு 1000-ஆக இருந்தது. அன்று 'இல்லை' என்று வந்திருக்கக்கூடிய மாதிரி, இன்று 'உண்டு' என்று வரும். வரம்பளவு உடலின் விதி அல்ல, குழு கூடி எடுத்த முடிவு. நெகட்டிவ் என்றால் 'வரம்புக்குக் கீழே' என்று மட்டுமே பொருள்.

## சாயலால் மாட்டுகிறவர்கள்

ஆம்பெட்டமைன் சின்ன மூலக்கூறு. ஒரு வளையம், அதிலிருந்து நீளும் குட்டையான வால், அந்த வாலில் ஒரு நைட்ரஜன். இந்த எலும்புக்கூடு மருந்துக்கடையில் எத்தனையோ மருந்துகளுக்கு இருக்கிறது. ஆன்டிபாடி முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பதில்லை. உயரத்தையும் நடையையும் பார்த்துப் பிடிக்கிறது. மருத்துவ இதழ்களில் பதிவான தவறான ஆம்பெட்டமைன் பாசிட்டிவ்களில் அடிக்கடி வரும் பெயர்கள்:

1. சூடோஎபிட்ரின், எபிட்ரின். மூக்கடைப்பு மருந்துகள். மெத்தம்பெட்டமைனுக்கும் இவற்றுக்கும் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான் வித்தியாசம்.
2. லேபெட்டலால். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறினால் கொடுப்பது. இதன் சிதைபொருள் ஒன்று ஆம்பெட்டமைன் போலவே தோற்றமளிக்கும்.
3. பூப்ரோப்பியான், டிராசோடோன். மனச்சோர்வு மருந்துகள்.
4. ரானிடிடின். நெஞ்செரிச்சலுக்கு நம் வீடுகளில் நெடுங்காலம் புழங்கிய மாத்திரை.
5. புரோமெத்தசின். ஒவ்வாமைக்கும் வாந்திக்கும் கொடுப்பது.

எல்லா நிறுவனத்து அட்டையும் எல்லாவற்றுக்கும் ஏமாறுவதில்லை. ஒரு தயாரிப்பின் ஆன்டிபாடி ரானிடிடினிடம் ஏமாறும், இன்னொன்று ஏமாறாது. அதனால் எந்தத் தயாரிப்பு என்று தெரியாமல் 'இந்த மருந்தால் பாசிட்டிவ் வருமா' என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது. இந்தப் பட்டியலில் என்னை உறுத்துவது லேபெட்டலால்தான். பிரசவத்துக்கு வந்த பெண்ணின் சிறுநீரை வழக்கப்படி சோதிக்கும் நாடுகளில், ஒரு அழுத்த மாத்திரை ஒரு தாயைப் போதைக்காரியாக்கிவிட முடியும்.

கோகைன் அட்டை இந்த விஷயத்தில் நேர்மையானது. அது தேடும் சிதைபொருளின் வடிவம் தனித்துவமானது, சாயலுக்கு ஆள் குறைவு. பல் மருத்துவர் போடும் லிடோகைன் ஊசிக்குப் பெயர் மட்டும் 'கைன்' என்று முடிகிறது; அதனால் பாசிட்டிவ் வராது. பெருவிலும் பொலிவியாவிலும் கோகா இலைத் தேநீர் குடித்தால் வரும். ஆனால் அது தவறான முடிவு அல்ல, இலையில் உண்மையிலேயே கோகைன் இருக்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு நிறுவனத்தில் 1000 பேரைச் சோதிப்பதாகவும், அவர்களில் 5 பேர் மட்டும் உண்மையில் பயன்படுத்துவதாகவும் வைத்துக்கொள்வோம். அட்டை அந்த 5 பேரையும் பிடித்துவிடுகிறது. மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டுகிறது என்போம். 995 பேரில் ஒரு சதவீதம் ஏறக்குறைய 10 பேர். மொத்தம் 15 பாசிட்டிவ், அதில் 10 பேர் அப்பாவிகள். '99 சதவீதம் துல்லியம்' என்று பெட்டியில் அச்சடித்த அதே அட்டை, மூன்றில் இரண்டு முறை தவறான ஆளைக் காட்டியிருக்கிறது. பயன்படுத்துவோர் குறைவாக உள்ள கூட்டத்தில் எந்த முதல் கட்டச் சோதனைக்கும் இந்தக் கதிதான்.

## மாத்திரை சாப்பிட்டும் 'இல்லை'

இப்போது எதிர்த்திசை. மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் மகனுக்கு ஆம்பெட்டமைன் அட்டையில் என்ன வரும்? பொதுவாக நெகட்டிவ். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் வடிவம் வேறு. ஆன்டிபாடி அதைக் கண்டுகொள்வதில்லை. பெற்றோரின் பயம் இந்த மட்டில் தேவையில்லாதது. (சோதனைக்கு முன் மருத்துவர் சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொள்வது அப்போதும் நல்லது.)

ஆனால் இதே 'நெகட்டிவ்' வேறோர் இடத்தில் வினையாகிறது. அமெரிக்காவில் நரம்பூக்கி எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் அவ்வப்போது சிறுநீரைச் சோதிப்பார்கள். நோயாளி மாத்திரையைத் தானே சாப்பிடுகிறாரா, வெளியில் விற்கிறாரா என்று பார்ப்பதற்கு. ரிட்டலின் சாப்பிடுகிறவருக்குச் சாதாரண அட்டையில் 'இல்லை' என்று வந்து, அதை 'மாத்திரையை விற்றுவிட்டார்' என்று படித்தால் தவறு மருத்துவருடையது. மெத்தில்ஃபெனிடேட்டைத் தேட, உடல் அதைச் சிதைத்துச் செய்யும் ரிட்டலினிக் அமிலத்தைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். மருந்தின் பெரும்பகுதி அந்த வடிவத்தில்தான் வெளியேறுகிறது. மருந்து மட்டும் நிறைய இருந்து ரிட்டலினிக் அமிலம் இல்லாதிருந்தால், அது உடல் வழியாக வராமல் நேராகக் குப்பிக்குள் விழுந்த மாத்திரை என்பதும் சோதனைக்கூடத்துக்குப் புரிந்துவிடும்.

அடராலோ, இன்னொரு ஏடிஹெச்டி மருந்தான லிஸ்டெக்சாம்ஃபெட்டமைனோ சாப்பிடுகிறவருக்கு வருவது உண்மையான பாசிட்டிவ். லிஸ்டெக்சாம்ஃபெட்டமைன் உடலுக்குள் போனதும் இரத்தச் சிவப்பணுக்களில் உடைந்து ஆம்பெட்டமைனாகிறது. சோதனை தவறவில்லை, மருந்துச் சீட்டு அதை விளக்குகிறது, அவ்வளவுதான்.

மெஃபெட்ரோன் என்ற பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பை போலீஸ் வழக்குகளில் 'எம்.டி.' என்று அடிபடுவது. இந்தியா 2015-ல் இதைச் சட்டப் பட்டியலில் சேர்த்தது. நரம்பூக்கிதான். ஆனால் வழக்கமான ஆம்பெட்டமைன் அட்டை பெரும்பாலும் இதைப் பார்க்காமல் விட்டுவிடும்.

## இரண்டாம் கட்டம்: எடை போட்டுப் பார்ப்பது

சாயலை வைத்துச் சந்தேகப்பட்டால், அடுத்து ஆளை அடையாளம் காண வேண்டும். அதற்கான முறை நிறை நிறமாலையியல். முதலில் வாயுவிலோ திரவத்திலோ கலவையை நீண்ட குழாய் வழியே ஓட்டிப் பொருள்களைப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கே உரிய நேரத்தில் வெளியே வரும். பிறகு அதை உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்க்கிறார்கள். வெளிவரும் நேரமும் துண்டுகளின் எடையும் அவற்றின் விகிதமும் ஒத்துப்போனால்தான் அந்தப் பொருள். லேபெட்டலாலும் ரானிடிடினும் இங்கே கழன்றுகொள்ளும்.

இந்த முறையும் ஒருமுறை சறுக்கியது. 1990 வாக்கில் அமெரிக்காவில், மூக்கடைப்பு மருந்து மிக அதிகமாக இருந்த மாதிரிகளில் மெத்தம்பெட்டமைன் இருப்பதாக உறுதிச் சோதனையே சொன்னது. கருவியின் சூடான நுழைவாயிலில், சில வேதிப்பொருள்களோடு சேர்ந்தபோது, எபிட்ரின் வகையில் சிறு பகுதி மெத்தம்பெட்டமைனாக மாறியிருந்தது. பொருள் சிறுநீரில் இல்லை, கருவிக்குள் பிறந்தது. அதன்பின் வந்த விதி எளிமையானது, கெட்டிக்காரத்தனமானது. மெத்தம்பெட்டமைன் உடலுக்குள் போயிருந்தால் ஒரு பகுதி ஆம்பெட்டமைனாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே மெத்தம்பெட்டமைன் என்று அறிவிக்க, அதே மாதிரியில் குறிப்பிட்ட அளவு ஆம்பெட்டமைனும் இருந்தாக வேண்டும். இன்றைய அளவு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். கருவிக்குள் பிறந்ததற்கு அந்த வாரிசு இருக்காது.

## வலக்கை, இடக்கை

இத்தனைக்குப் பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மெத்தம்பெட்டமைனுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நம் இரு கைகளைப் போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்கள் ஒன்றே, எடை ஒன்றே, உடையும் துண்டுகளும் ஒன்றே. சாதாரண நிறை நிறமாலையியல் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. ஆனால் மூளைக்கு வித்தியாசம் தெரியும். 'டி' வடிவம் (அட்டையின் 'டி' கோட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை) கடும் போதை. 'எல்' வடிவம் மூளையில் மிக வலுக்குறைந்தது. மூக்கின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்குவதற்கு அமெரிக்காவில் அதைக் கடையில் சீட்டில்லாமலே விற்றார்கள்.

2002 பிப்ரவரி, சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக். ஸ்காட்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் அலைன் பேக்ஸ்டர் ஸ்லாலம் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பனிச்சறுக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் பதக்கம். பிறகு அவரது சிறுநீரில் மெத்தம்பெட்டமைன் இருப்பதாக முடிவு வந்தது. மூக்கடைப்புக்கு அவர் அமெரிக்கக் கடையில் விக்ஸ் இன்ஹேலர் வாங்கி உறிஞ்சியிருந்தார். பிரிட்டனில் அதே பெயரில் அவர் பயன்படுத்திப் பழகியதில் அந்தப் பொருள் கிடையாது. அமெரிக்கத் தயாரிப்பில் 'எல்' வடிவம் இருந்தது. விளையாட்டு நடுவர் மன்றம் அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. பதக்கத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. தடைப் பட்டியலில் 'மெத்தம்பெட்டமைன்' என்றுதான் இருந்தது, எந்தக் கை என்று பிரித்து எழுதவில்லை. (இந்தியாவில் விற்கும் விக்ஸ் இன்ஹேலரில் இருப்பது மென்தால், கற்பூரம் வகையறா.)

பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் செலிஜிலின் மாத்திரையும் உடலில் சிதைந்து 'எல்' மெத்தம்பெட்டமைனாகிறது. கையைப் பிரித்தறியத் தனிச் சோதனை இருக்கிறது; மருத்துவர் கேட்டால்தான் பொதுவாகச் செய்வார்கள். மொத்தத்தில் 'டி' வடிவம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இன்ஹேலரும் செலிஜிலினும் காரணமாக முடியாது என்பது நடைமுறை. ஆம்பெட்டமைனிலும் இதே சோதனை உதவும். அடராலில் 'டி', 'எல்' வடிவங்கள் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும். லிஸ்டெக்சாம்ஃபெட்டமைன் 'டி' மட்டுமே தரும். திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்படுவதில் பெரும்பாலும் இரண்டும் சரிபாதி. சீட்டில் எழுதிய மருந்தோடு சிறுநீர் ஒத்துப்போகிறதா என்பதை இந்த விகிதம் காட்டிக்கொடுக்கும்.

## எண் சொல்லாத விஷயங்கள்

1. எவ்வளவு சாப்பிட்டார் என்று சொல்லாது. ஆம்பெட்டமைன் காரப்பொருள், அதாவது அமிலத்துக்கு எதிர். சிறுநீர் புளிப்பாக இருந்தால் வேகமாக வெளியேறும்; காரமாக இருந்தால் சிறுநீரகத்திலிருந்து திரும்ப இரத்தத்துக்கே போய்விடும். ஒரே மாத்திரையைச் சாப்பிட்ட இருவருக்கு எண்கள் பல மடங்கு வேறுபடலாம்.
2. நேற்றைவிட இன்று கூடியிருக்கிறது என்றால் மறுபடி சாப்பிட்டார் என்று ஆகாது. தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம். அதனால்தான் தசைகளிலிருந்து சிறுநீருக்கு வரும் கழிவான கிரியேட்டினின் அளவையும் பார்க்கிறார்கள். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, அடர்த்தியும் குறைவு என்றால் 'நீர்த்த மாதிரி'. 2-க்கும் கீழே போனால் அது மனிதச் சிறுநீர்தானா என்ற கேள்வி எழும்.
3. அந்த நேரத்தில் போதையில் இருந்தாரா என்று சொல்லாது. போதை இறங்கி இரண்டு நாள் கழித்தும் சிதைபொருள் வந்துகொண்டிருக்கும். விபத்து வழக்கில் சிறுநீர் பாசிட்டிவை வைத்து 'போதையில் ஓட்டினார்' என்று எழுதுவது அறிவியல் அல்ல.

## முடிவு யார் கையில் போகிறது

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி உட்கொள்வதே குற்றம். கோகைன், ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. மற்றவற்றுக்கு ஆறு மாதம், 10,000 ரூபாய். போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி தருகிறது. ஜப்பானில் ஆம்பெட்டமைன் கலந்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரில் சிறுநீர்தான் வழக்கின் அச்சாணி: மாதிரியைப் பிரித்து இரண்டு வெவ்வேறு ஆய்வாளர்கள் தனித்தனியே சோதிக்கிறார்கள், இருவர் முடிவும் பாசிட்டிவ் என்றால், தெரிந்தே உட்கொண்டார் என்று சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் வேலை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் இது பொருந்தும்.

சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், முறையாக நடக்கும் இடங்களில் மாதிரி இரண்டாகப் பிரிந்தே பயணப்படுகிறது. அமெரிக்கக் கூட்டரசு முறையில் மாதிரி கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் பார்க்கிறார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். கொடுத்தவர் கண்முன்னே 'ஏ', 'பி' என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி முத்திரை வைக்கிறார்கள். 'ஏ' பாசிட்டிவ் என்றால், மருந்துச் சீட்டு ஏதும் உண்டா என்று மருத்துவர் ஒருவர் சம்பந்தப்பட்டவரிடம் பேசிய பிறகுதான் முடிவு அலுவலகத்துக்குப் போகும். மாதிரி கொடுத்தவர் முடிவை மறுத்தால் 'பி' குப்பி வேறொரு சோதனைக்கூடத்துக்குச் செல்லும். பாசிட்டிவ் மாதிரியைக் குறைந்தது ஓராண்டு உறைய வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் உடல்தகுதிச் சோதனையில் பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர் கேட்க வேண்டியவை நான்கு: செய்தது அட்டையா, நிறை நிறமாலையியலா, எந்தப் பொருள், எந்த வரம்பளவு, மீதி மாதிரி எங்கே இருக்கிறது. கடைசிக் கேள்வியை அன்றைக்கே கேட்க வேண்டும். அட்டையை நனைத்துவிட்டு மீதியைக் கழிப்பறையில் கொட்டிவிட்டார்கள் என்றால், மறுசோதனைக்கு அனுப்ப ஒரு சொட்டும் இருக்காது.